செல்விக்காக நான் செய்த ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதை எழுத ஆறு வருஷம் பயந்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். ஜெபம் கேட்கப்பட்ட சாட்சிதான். ஆனாலும் சொல்லக் கூசுகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் எழுத்து வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாவதுதான் படித்திருக்கிறேன். யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு உப்பில்லாத சாப்பாடு என்ற பட்டியலெல்லாம் எக்செல் ஃபைலாக என் பொறுப்பில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை புது எக்செல் போட்டுக் கொடுத்தார்கள். பழைய ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின்னால் மூன்று எழுத்து, புதியதில் நான்கு. ஞானஸ்நானத்தில் புதுப்பெயர் வைப்பதில்லையா, அதுபோல் எல்லாவற்றுக்கும் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டேன். ஃபைல் கெட்டுப்போகலாம் என்று எச்சரிக்கை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று அழுத்தினேன்.

மறுநாள் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

கம்ப்யூட்டர்காரர் போனில், "யக்கா, ஃபைலு பேரு எதையும் தொட்டியளா?" என்று கேட்டார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. "இல்ல தம்பி" என்றேன். வீட்டுக்காரர் விழுந்து படுக்கையில் கிடந்த நேரம். என் வேலையும் போனால் என்ன செய்வது?

மேனேஜர் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டி, யாரும் தொடக்கூடாது என்றார். முந்தின நாள் சாயங்காலம் தரை துடைக்கக் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கியவள் செல்வி. பழி அவள்மேல் விழுந்தது. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற விதவை, படிக்காதவள்.

"வெளக்குமாறு பிடிக்கவளுக்கு வயருல என்னட்டி வேல? எதுனாச்சும் ஒரு பெருசுக்கு மருந்து மாறிச்சுன்னா நீதான் கொலகாரி!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

செல்வி என்னிடம் வந்து அழுதாள். "நெசமாவே நான் வயர பிடுங்குனதுலதான் போச்சா யக்கா? ஒங்க சாமிட்ட எனக்காவ சொல்லுங்க."

"ஜெபிக்கேன்ட்டி" என்றேன். மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் திறந்துவிடும் ஆண்டவரே என்பதுதான் அந்த ஜெபம். வியாழக்கிழமை செல்வியை அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளி காலை ஜெபத்தில் மேனேஜர், "அந்த ஃபைலுக்காக நீங்களே ஜெபியுங்கம்மா" என்றார். எழுந்து நின்றேன். ஸ்தோத்திரம்கூட வாயில் வரவில்லை. "நான்தான் பேரை மாத்தினேன்" என்றுதான் வந்தது. கம்ப்யூட்டர்காரர் போனில், நான் சேர்த்த எழுத்தை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எல்லாம் திறந்தன. ஒரு பெயரும் குறையவில்லை. எல்லாரும் அல்லேலூயா என்றார்கள்.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. செல்வியைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. "வேற ஆளு போட்டாச்சும்மா, விடுங்க" என்றார் மேனேஜர்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சீவலப்பேரிக்குப் போனேன். செல்வி வயலில் களை பறித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். நிமிரவில்லை.

"எம் புள்ளையளே என்னைய மிசினக் கெடுத்தவன்னு கேலி பண்ணுதுவோ. நான் அழுதப்ப ஜெபிக்கேன்னுதான சொன்னிய? நான்தான்னு ஒரு வார்த்த சொல்லதுக்கு என்ன வந்துச்சு ஒங்களுக்கு?"

திரும்பி வந்து பஸ் ஏறினேன். 

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார், என் பொய்க்குத் துணைபோகாமல் கேட்டார். அவருக்கே நன்றி. இப்போது ஒரு தவறு நடந்தால் முதலில் ஆளிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் முழங்கால் போடுகிறேன். நீங்களும் அவரை நம்புங்கள். மறைத்து வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு நம்புங்கள்.

இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். ஒரு வரியையும் மாற்றாதீர்கள். செல்வி மன்னித்துவிட்டாள் என்று மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள். அவள் மன்னிக்கவில்லை.