முகட்டு வளைப் பல்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பதை என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கோபமெல்லாம் எங்கோ இறங்கிப் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கோபத்தால் ஒரு பல்பை ஒன்பது மாதம் மாற்றாமல் விட்டதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கே என்னைப் பிடிப்பதில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தேன். மாமி முன்னமே காலமாகிவிட்டார். மாமா தனி ஆளாகப் பின்வீட்டுக்குப் போனார். நேற்றுவரை தன்னுடையதாக இருந்த வீட்டுக்குள், அன்றிலிருந்து, நான் கூப்பிட்டால் ஒழிய அவர் நிலைப்படியைத் தாண்டமாட்டார். யாரும் அவருக்குச் சட்டம் போடவில்லை. மருமகனுக்குக் கொடுக்கிற மரியாதை அது.

வீட்டில் மின்சார விளக்கு இருந்தது. நான் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்தான் எங்கள் தெருவுக்குக் கறண்ட் வந்ததாம். மற்ற வீடுகளில் எல்லாம் வயரில் கட்டித் தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். மாமா மட்டும் பல்பு மாட்டுகிற கூட்டைக் கூரை உச்சியில் ஓடுகிற மரமான முகட்டு வளையிலேயே ஆணி வைத்து அடிக்கச் சொன்னாராம். சீலிங் இல்லாத ஓட்டு வீடு. விறாந்தையைத் தாண்டினால் பெரிய மண்டபம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் அந்தப் பல்பு. ஆற்றுப் பக்கத்துச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, காற்றுக்கென்று மரச்சட்டம் அடித்த ஒரு திறப்பும் இருந்தது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

"பல்பு போனா எப்பிடி மாத்துவீங்க?" என்று வயர்காரன் கேட்டானாம்.

"அது என்ர பாடு," என்றாராம் மாமா.

சொன்னபடி வழியும் வைத்திருந்தார். மாங்காய் பறிக்கிற நீளத் தடி ஒன்றின் நுனியில் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கட்டி, உள்ளே பழைய வேட்டித் துண்டை வைத்துத் தைத்திருந்தார். பல்பு போனால் அந்தத் தடியோடு நிலைப்படிக்கு வெளியே வந்து நிற்பார். "தம்பி, உள்ள வரட்டா?" என்பார். நான் "வாங்க மாமா" என்பேன். தடியை நிமிர்த்தி, சிரட்டையால் பல்பை மேலே ஓர் அழுத்து, இடப்பக்கம் ஒரு திருப்பு. பழைய பல்பு சிரட்டைக்குள் முட்டை மாதிரி உட்கார்ந்து இறங்கும். புதியது அதே வழியில் ஏறும். தேத்தண்ணி கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இதில் எரிச்சல்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இருந்தது. நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரில், கிளாக்கர். வீட்டுக்கு வந்தால் பேப்பர் படிக்க வேண்டும். முகட்டில் எரிகிற வெளிச்சம் பல்லிக்குத்தான் பிரயோசனம். கீழே வருவதற்குள் அது மங்கிப் போய்விடும். என்னோடு வேலை செய்த ஒருவர், வாய் சும்மா இருக்காத மனிதர், ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "என்ன ஐசே, உங்கட வீட்டுப் பல்ப மாத்தவும் மாமாதான் வரணுமாமே? நீர் அங்க ஆரு, விருந்தாளியோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சுருக்கென்றது.

அன்று பின்னேரமே போய்க் கேட்டேன். "மாமா, அந்த லைட்ட ஒரு வயர் போட்டுக் கீழ இறக்குவமா?"

"இரிக்கட்டும் தம்பி. அது அங்கயே இரிக்கட்டும்," என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊருக்குக் காட்டுகிற பெருமை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. வெளியே வெளிச்சம் தெரியக்கூடாது என்று கட்டளை. மாமா மேலே இருந்த மரச்சட்டத்துக்குச் சாக்குக் கட்டி மறைத்தார். யுத்தம் முடிந்த செய்தி வந்த காலையில், முதல் வேலையாக அந்தச் சாக்கை அவிழ்த்ததும் அவர்தான். அன்று ஆற்றுக்கு அங்கால், வவுணதீவுப் பக்கத்து வட்டையில் இருந்த தன் வயலுக்குத் தோணியில் போய், பொழுதுபட்டுத் திரும்பி வந்தவர், வாயெல்லாம் பல்லாக வந்து இறங்கினார். கையில் இருந்த மீன் கோர்வையை அப்படியே மகளிடம் கொடுத்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போனார். இந்த மனிதருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் பல்பு போய்விட்டது.

இந்த முறை மாமாவைக் கூப்பிடுவதில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புதிய பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேசையை மண்டபத்தின் நடுவுக்கு இழுத்து, அதன்மேல் கதிரையை வைத்து, கதிரைமேல் ஒரு பலகைப் பெட்டியையும் வைத்து ஏறினேன். மனைவி "ஐயோ, வேணாங்க, இறங்குங்க" என்று கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கை நீட்டினால் இன்னும் இரண்டு முழம் இருந்தது. எம்பினேன். அறிவு இருக்கிறவன் எம்புவானா? பெட்டி ஒரு பக்கம், கதிரை ஒரு பக்கம், நான் தரையில். முழங்கை தோல் உரிந்துவிட்டது. பையில் இருந்த பல்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் கேட்டு மாமா பின்னால் இருந்து ஓடி வந்தார். கையில் அந்தத் தடி. பதற்றத்தில் என்னைக் கேட்காமலே ஒரு காலை நிலைப்படிக்கு உள்ளே வைத்துவிட்டார். நான் தரையில் கிடந்தபடி கத்தினேன்.

"ஒருத்தரும் வரத் தேவல்ல! இது என்ர வீடு. என்ர வீட்டு லைட்ட நான் பாத்துக்குவன்!"

மாமா வைத்த காலை எடுத்தார். "சரி தம்பி," என்றார். தடியை வெளிச்சுவரில் சாத்தி வைத்தார். திரும்பிப் போனார்.

அந்தத் தடி அங்கேயே நின்றது. எனக்கென்று வைத்துவிட்டுப் போனது என்று ஒரு குழந்தைக்கும் விளங்கும். நான் அதைத் தொடவில்லை. தொட்டால் தோற்றுப்போன மாதிரி. பல்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மேசையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு வைத்தோம். படிக்க இதுதான் நல்லது என்று மனைவிக்குச் சொன்னேன். பொய். கண்ணெல்லாம் புகை.

"தடி அங்கதானே நிக்குது. எடுத்து மாத்தினா என்ன?" என்று அவள் கேட்பாள். "உன்ர வேலயப் பாரு" என்பேன். ஒருநாள் அவளே தடியைக் கையில் எடுத்தாள். நான் பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டாள்.

நாலைந்து மாதம் போயிருக்கும். மாமா வயலுக்குப் போவதை நிறுத்தினார். காணியைக் குத்தகைக்கு விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். என்மேல் இருக்கிற கோபத்தில் முடங்கிக் கிடக்கிறார் என்று நினைத்தேன். கிடக்கட்டும் என்றும் நினைத்தேன். வளவுக்குள் அவர் எப்போதும் போலத்தான் நடமாடினார். கிணற்றில் தண்ணீர் அள்ளுவார், முற்றம் கூட்டுவார். மகள் கொண்டுபோகிற சோற்றைச் சாப்பிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைப்பார். என்னைக் கண்டால் மட்டும் பேச்சு இல்லை.

எட்டாம் மாதம் மனைவி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருகிற வழக்கமில்லை.

"இஞ்சாருங்க, அப்பாக்குக் கண்ணு தெரியாமப் போகுது."

"வயசு போனா அப்பிடித்தான். புரையாயிரிக்கும்."

"புரை இல்லியாம். ஆசுப்பத்திரி அப்போதிக்கரியிட்டக் காட்டினவர். கண் நரம்பு பட்டுப்போற வருத்தமாம். போனாத் திரும்பி வராதாம்."

அவள்தான் தொடர்ந்தாள்.

"அந்தப் பல்ப ஏன் அங்க போட்டவர் எண்டு உங்களுக்குத் தெரியுமா? அம்மா போனாப் பிறகு அப்பா வயலுக்குப் போனா வீட்டில நான் தனியத்தானே. பொழுதுபட நான் சுவிச்சப் போடுவன். ஆத்து நடுவில, தோணிக்குள்ள இரிந்து பாத்தா அந்தச் சட்டத்துக்குள்ளால வெளிச்சம் தெரியும். புள்ள வீட்ட நல்லா இரிக்குது எண்டு அவருக்கு நிம்மதி. அதுக்குத்தான் முகட்டில போட்டவர். கண்ணு முழுசா இருட்டுறதுக்கு முன்னம் அந்த வெளிச்சத்த ஒருக்காப் பாத்திரணும் எண்டு சொல்றார். தோணியில போக ஏலாட்டியும் வீட்டுக்குள்ள வந்தாவது."

அப்போதே நான் எழுந்து போயிருக்க வேண்டும். தடி சுவரில், பல்பு அலுமாரியில், மாமா இருபது அடி தூரத்தில். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அப்ப வந்து கேக்கச் சொல்லு. நான் என்ன, மாட்டன் எண்டா சொல்லப்போறன்?"

"நீங்கதானே வரத் தேவல்ல எண்டு சொன்னீங்க. நீங்க கூப்பிடாம அவர் எப்பிடி வருவார்?" என்றாள் அவள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் போனது. இதைத்தான் என்னால் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. கோபம் அன்றோடு போய்விட்டது, சத்தியமாகப் போய்விட்டது. அது எழுந்துபோன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு நாளும் கச்சேரியில் இருந்து வரும்போது, இன்றைக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே வருவேன். வாசலில் தடியைக் கண்டதும், என்ன முகத்தோடு கூப்பிடுவது என்று வரும். நாளைக்குப் பார்ப்போம் என்று உள்ளே போய்விடுவேன்.

கடைசியில் ஒரு விடுமுறை நாள். கிணற்றுக் கயிற்றை முதல்நாள் நான்தான் வழக்கமான மரக்கட்டையை விட்டுப் பக்கத்துக் கட்டையில் மாற்றிக் கட்டியிருந்தேன். மாமா வந்தார். விறுவிறென்று நடந்து வந்து, சரியான இடத்தில் நின்று, பழைய கட்டையில் கை வைத்தார். கயிறு இல்லை. கட்டையைத் தடவினார். குனிந்து கிணற்றின் சுற்றுச்சுவரைத் தடவினார். கயிறு அவருக்கு ஒரு முழம் தள்ளி, கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. நான் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்க் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "ஆரு, தம்பியா?" என்றார்.

அன்று பின்னேரம் தடியை எடுத்தேன். சிரட்டைக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. ஓர் அழுத்து, ஒரு திருப்பு. பழையது இறங்கியது. புதியது ஏறியது. ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஒன்பது மாதத்து வேலை அது.

பொழுதுபட்டது. சுவிச்சைப் போட்டேன். மண்டபம் பளிச்சென்றது. பின்வீட்டு வாசலில் போய் நின்று, "மாமா, வாங்க. உள்ள வாங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மனைவி இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.

மாமா உடனே வரவில்லை. முகம் கழுவி, வெளுத்த வேட்டி கட்டி, சால்வை போட்டுக்கொண்டு வந்தார். நிலைப்படியில் கொஞ்சம் நின்றார். "வாங்க மாமா," என்றேன் திரும்பவும். வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். ஒரு கதிரையிலும் இடிபடாமல் நேரே மண்டபத்தின் நடுவுக்கு வந்து, வளைக்குச் சரியாகக் கீழே நின்று, முகத்தை நிமிர்த்தினார். வெளிச்சம் அவர் முகத்தில் கொட்டியது.

"சரி தம்பி," என்றார். "போடுங்க. பாப்பம்."

மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். இல்லை மாமா, எரியுது என்று எந்த வாயால் சொல்வது? என்ன செய்கிறேன் என்று தெரியாமலே சுவரடிக்குப் போய்ச் சுவிச்சில் கை வைத்தேன். போடச் சொன்னார், போட வேண்டும், அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. டக்கென்று தட்டினேன்.

மண்டபம் இருட்டிப் போனது.

"ஆ!" என்றார் மாமா. "நல்ல வெளிச்சம் தம்பி. நல்ல வெளிச்சம்."

சுவிச்சின் சத்தத்தை வைத்துத்தான் சொன்னார். என் மனம் நோகக்கூடாது என்று சொன்னார். திரும்பப் போடலாம் என்றால் அந்தச் சத்தமும் கேட்குமே. கேட்டால், இருட்டில் நின்று வெளிச்சம் என்று சொன்னது அவருக்கு விளங்கிவிடுமே. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். மாமா உட்கார்ந்தார். வயலைப் பற்றிக் கதைத்தார், தோணிக்காரனைப் பற்றிக் கதைத்தார், இந்த முறை மழை பிந்துது என்றார். நானும் ஓம் மாமா, ஓம் மாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் இருட்டுக்குள் தடவித் தடவித் தேத்தண்ணி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து பின்வீட்டுக்குப் போகும்வரை நான் அந்தச் சுவிச்சைத் தொடவில்லை.