படத்தில் பத்துப் பேர்

இந்த ஊரில் கால்பந்தாட்டம் முடிந்ததும் முதலில் சத்தம் போடுகிறவர்கள் தோற்றவர்கள். தோற்ற அணியின் கேப்டன் தன் ஆட்களை வட்டமாக நிறுத்தி, வென்றவர்களுக்காக மூன்று முறை 'ஹிப் ஹிப் ஹுர்ரே' போட வைப்பான். பிறகு வென்றவர்கள் பதிலுக்குப் போடுவார்கள். அதன்பின்தான் யாரும் பூட்ஸைக் கழற்றலாம். வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. நான் சிங்கப்பூருக்கு வந்து கல்லூரி அணிக்குப் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்தில் மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். விசில் ஊதியதும் எதிரணிப் பையன்கள் ஒன்றாகத் திரண்டு எங்களைப் பார்த்துக் கத்தினார்கள். திருச்சியில் விளையாடியவனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். "ஏறுங்கடா, ஏறுங்கடா" என்று என் பையன்களை லாரியில் தள்ள ஆரம்பித்தேன். கேப்டன் செல்வராஜ் சிராங்கூன் ரோட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சார், சார், அவங்க நமக்கு சியர்ஸ் போடுறாங்க லா! அடிக்க வரல!" அதற்குள் ஐந்து பேர் லாரியில் ஏறியிருந்தார்கள். பதிலுக்கு ஹுர்ரே போடப் பாதி ஆளில்லை.

எதிரணியின் பயிற்சியாளர் நடந்து வந்து, லாரியில் நின்ற என்னிடம் கையை உயர்த்திக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புச் சொங்கோக் தொப்பி, என் வயதுதான் இருக்கும். நான் உளறியதைக் கேட்டுவிட்டு, "தாக் அப்பா லா, சார்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் நான் கற்ற முதல் மலாய்ச் சொற்கள் அவைதான். அவர் பெயர் ரம்லி. கேலாங் பக்கத்து மலாய்க் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். ஆசிரியரை மலாயில் 'சிகு' என்பார்கள், ஆகவே எல்லோருக்கும் அவர் சிகு ரம்லி.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் திருச்சியிலிருந்து வந்த ஒரு கடிதம். எங்கள் பழைய கல்லூரியின் ஆண்டு மலருக்காக, கல்லூரி அணிகளைப் பழக்கியவர்களில் கண்ணியத்திலும் பெருந்தன்மையிலும் சிறந்தவர் யார் என்று பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டிருக்கிறார்கள். நான் அங்கே எங்களைப் பழக்கிய மாஸ்டரைப் பற்றி எழுதுவேன் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அவர் மேல் எனக்கு அன்பு உண்டு. என் கணுக்கால் பிசகியபோது சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வரை தள்ளிக்கொண்டே போனவர். ஆனால் எதிரணியில் வேகமான இடது விங் ஆட்டக்காரன் வருகிறான் என்று தெரிந்தால், காலையிலேயே அந்தப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி வைக்கச் சொல்கிறவரும் அவர்தான். வாளி தூக்கியவர்களில் நானும் ஒருவன். எதிரி ஆட்டத்தைத் தள்ளிப்போடச் சொன்னால் அவனிடம் ஏதோ ஓட்டை இருக்கிறது, அன்றைக்கே ஆடிவிடு என்பது அவர் சொல்லிக் கொடுத்த பாடம். அந்தப் பாடத்தைத்தான் கப்பலில் கூடவே கொண்டுவந்தேன்.

என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் ஓராண்டுத் தற்காலிக உடற்பயிற்சி ஆசிரியனாக இங்கே வந்தேன். மரகதமும் கைக்குழந்தையும் தஞ்சாவூரில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். அண்ணி தட்டை வைக்கும் ஓசையிலேயே விஷயம் புரிகிறது என்று மரகதம் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். வேலை நிரந்தரமானால்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டுக்கு எழுத முடியும். எங்கள் முதல்வர் ஒரு ஆங்கிலேயர். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பை இதுவரை நமக்குக் கிடைத்ததில்லை, இந்த வருஷம் கிடைத்தால் உன் பெயரைப் பரிந்துரைப்பது எனக்குச் சுலபமாக இருக்கும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து கோப்பை என்றால் எனக்கு மரகதம், மகள், சமைக்க ஓர் அடுப்பு என்றே ஆகிவிட்டது.

இறுதி ஆட்டத்துக்கு நாங்களும் சிகு ரம்லியின் அணியும் வந்து சேர்ந்தோம். ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவரிடமிருந்து தட்டச்சு செய்த கடிதம் வந்தது. தங்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் ஆட்டத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். காரணம் எழுதவில்லை. இரு பயிற்சியாளர்களும் ஒப்பினால் தேதியை மாற்றலாம் என்பது விதி. குறித்த நாளிலேயே ஆடுவோம் என்று இரண்டு வரியில் பதில் போட்டேன். அது நோன்பு மாதம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். அப்போது நான் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அறையில் உடனிருந்த நாகூர்க்காரர் தினமும் சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கிவந்து எனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்பார். அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் அந்தப் பதிலை எழுதினேன். கடிதத்தில் காரணம் இல்லை, நாமாக ஏன் தேடவேண்டும் என்று என் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் பாதியில் அவர்களுக்குக் கால் ஓயும் என்ற கணக்கு அந்தச் சமாதானத்துக்குக் கீழே இருந்தது.

ஃபேரர் பார்க் திடலில் மாலை ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வெயில் அப்போதும் முதுகில் சுட்டது. முதல் பாதி ஒன்றுக்கு ஒன்று. இடைவேளையில் என் பையன்களைச் சுற்றி நிறுத்தி, இனி அவர்களுக்கு மூச்சு இருக்காது, பந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடவிடுங்கள், பின்னாலேயே ஓடிக் களைக்கட்டும் என்றேன். சொல்லிக்கொண்டே நறுக்கிய ஆரஞ்சுத் துண்டுகளை நீட்டினேன். எங்கள் வலது விங் ஆட்டக்காரன் யூசோஃப் ஒரு துண்டை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். சாப்பிடுடா என்றேன். "புவாசா, சார்" என்றான். நோன்பு. எத்தனை நாளாக என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே என்றான். நோன்பு தொடங்கிய அந்த மூன்று வாரமும் தினசரிப் பயிற்சியில் அவனை வெயிலில் ஓடவிட்டிருக்கிறேன். முன்போல ஓடவில்லை, சோம்பேறித்தனம் என்று இரண்டு தடவை எல்லோர் முன்னிலும் திட்டியும் இருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே, சார்" என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது. எதிரியின் பசியை நம்பி நான் போட்ட திட்டத்தை அவனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அந்தக் காலத்தில் ஆளை மாற்றும் வழக்கம் இல்லை, அவன் வெளியே வந்தால் பத்துப் பேரோடுதான் ஆடவேண்டும். முடியுமா என்று கேட்டேன். தலையாட்டினான். ஆரஞ்சுத் துண்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு ஓடினான்.

நான் போட்ட கணக்குப்படி அவர்கள் களைத்தார்கள். ஆனாலும் விடவில்லை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது யூசோஃப் இரண்டு காலும் இழுத்துக்கொண்டு புல்லில் விழுந்தான். நடுவர் கவனிக்கவில்லை. பந்து அவர்கள் காலில் இருந்தது. யூசோஃப் விழுந்த பக்கம் காலியாகிவிட்டதால் அவர்களுடைய முன்னாட்டக்காரன் அந்த வழியே புகுந்துவிட்டான். அவனுக்கும் கோலுக்கும் நடுவில் எங்கள் கோலி ஒருவன்தான். அப்போது எதிர்ப்பக்கக் கோட்டிலிருந்து சிகு ரம்லியின் குரல் கேட்டது. "புவாங்! புவாங்!" வெளியே அடி என்கிறார். அந்தப் பையன் ஒரு நொடி தன் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்தான். பட்டினியோடு எண்பது நிமிடம் ஓடியவனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. சிகு ரம்லி திடலுக்குள் ஓடிவந்து, யூசோஃபின் காலை நிமிர்த்திப் பிடித்து, ஈரத்துண்டால் அவன் முகத்தைத் துடைத்தார். எங்கள் ஆளுக்கு, எங்கள் கோட்டோரம். நான் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தத் தண்ணீரால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதுகூட எனக்குச் சற்றுக் கழித்தே உறைத்தது.

யூசோஃப் நொண்டிக்கொண்டு எழுந்தான். பந்தை அவர்கள் வெளியே அடித்ததால் விதிப்படி எறிவது நாங்கள். செல்வராஜ் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினான். எறியவில்லை. என்னைப் பார்த்தான். "எப்படி சார்? அவங்ககிட்டயே கொடுத்துடவா?" என்றான். விழுந்தவனுக்காக வெளியே அடித்த பந்தை அடித்தவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்கள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்கள், பந்து தங்களிடம் வரும் என்று நம்பி. திடலின் ஓரத்தில் முதல்வர் தொப்பியை விசிறிக்கொண்டு நின்றார். எனக்கு அண்ணி தட்டு வைக்கும் ஓசை கேட்டது. "போடு" என்றேன். செல்வராஜ் எங்கள் முன்னாட்டக்காரனுக்கு எறிந்தான். இரண்டே உதையில் கோல்.

விதியில் அதற்குத் தடை எதுவும் கிடையாது. அந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். விசில் ஊதியதும் சிகு ரம்லியின் பையன்கள் சிலர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் அழுதான். அவர் அவர்களிடம் மெதுவாக ஏதோ சொன்னார். ஒவ்வொருவராக எழுந்து வட்டமாக நின்றார்கள். பிறகு எங்களுக்காக மூன்று முறை ஹுர்ரே போட்டார்கள். வறண்ட தொண்டையிலிருந்து வந்த சத்தம் அது. நாங்கள் பதிலுக்குப் போட்டபோது செல்வராஜ் வாயைத் திறக்கவில்லை.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் அவர்கள் பாய் விரித்து, அடுக்குச் சட்டியிலிருந்து கஞ்சியையும் பேரீச்சம்பழத்தையும் எடுத்து வைத்தார்கள். இன்னும் சில நிமிடத்தில் நோன்பு திறக்கவேண்டும். சிகு ரம்லி எங்களிடம் வந்தார். என்னிடம் கை கொடுத்தார். "மாரி, சார், சாமா-சாமா மாக்கான்" என்றார். வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம். நான் ஆங்கிலத்தில், அந்தக் கடிதத்திலேயே நோன்பு என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே என்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்து வாயைத் திறந்தவன்தான், வெளியே வந்ததோ அவர் மேல் குறை சொல்வதுபோல இருந்தது. "எழுதியிருந்தால் நீங்கள் மறுக்க முடியாதே, சார்" என்றார் அவர். கட்டாயப்படுத்த விரும்பவில்லை என்கிறார். யூசோஃப் எங்கள் ஜெர்சியோடேயே நொண்டி நொண்டிப் போய் அந்தப் பாயில் உட்கார்ந்தான். அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அதே நேரம் பின்னாலிருந்து முதல்வர் கூப்பிட்டார். வெளிச்சம் போவதற்குள் படம் எடுக்கவேண்டுமாம், படக்காரர் காத்திருக்கிறாராம். நான் முதல்வர் பக்கம் போனேன்.

இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரமானது. அடுத்த ஆண்டு மரகதம் மகளைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து சேர்ந்தாள். குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்து பார்த்தாள், பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் நின்றாள். ஜெர்சி போட்ட பையன்களை விரல் வைத்து எண்ணினாள்.

"பதினோரு பேர் ஆட்டம்னுதானே எழுதியிருந்தீங்க? இதுல பத்துப் பேர்தான் இருக்காங்க?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன், என் பதில் கடிதத்திலிருந்து 'போடு' வரைக்கும். இங்கே வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தது.

"நீங்களும் அந்தப் பாய்ல போய் உட்கார்ந்திருக்கலாமே" என்றாள்.

"அந்தப் பந்தைத் திருப்பிக் கொடுத்திருந்தா, நீ இன்னைக்கு இங்க நின்னுருக்க மாட்ட."

"நின்னுருக்க மாட்டேன்தான்" என்றாள். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன், கோபப்படவில்லை. அழுவாள் என்று பார்த்தேன், அழவும் இல்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த கல்யாணப் புடவைக்குள் அதை வைத்து மூடினாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடித்தாள். இந்த நாட்டில் என் வீட்டில் வெந்த முதல் சோறு. உப்பு சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

கல்லூரி மலருக்கு சிகு ரம்லி என்று எழுதி அனுப்பிவிட்டேன். இந்தப் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே, எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் என்று எழுதினேன். எழுதிய பிறகு அன்று அந்தப் பாயில் உட்காராத எனக்கு அந்த 'எங்கள்' உறுத்தியது, அடித்துவிட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தாள் அப்படியே மேசையில் கிடக்கிறது, பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது, சுவரில் படம் மாட்டியிருந்த ஆணியை இன்றுவரை யாரும் பிடுங்கவில்லை.