அத்தை வைத்த டியூஷன்

கல்பாக்கத்திலிருந்து செய்யூர் போகிற வழியில், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. அதன் மாடியில் என் அத்தை டியூஷன் சென்டர் வைத்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் தெருவில் பி.எட். முடித்த முதல் ஆள். அரசு ஆசிரியர் வேலைக்கான தேர்விலும் தேறிவிட்டு, ஆணை இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தார். வேலை வந்ததும் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அத்தைக்கு டியூஷன் யோசனை வந்தது.

முதலில் வீட்டிலேயே ஆரம்பித்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். கொடுக்க எதுவுமில்லாத வீட்டுப் பிள்ளைகள், அத்தையும் கேட்டதில்லை. ஃபீஸ் கட்டிப் படிக்கக்கூடிய ரோட்டுத் தெருப் பிள்ளைகள் ஏரியைத் தாண்டி எங்கள் பக்கம் ஒருவரும் வரவில்லை. தனியார் பள்ளி வாசலில் நின்று அத்தை நோட்டீஸ் கொடுத்துப் பார்த்தார். அங்கே வாத்தியார்களே டியூஷன் எடுத்ததால் வாட்ச்மேனை விட்டு விரட்டினார்கள்.

"இங்க வெச்சா எவன் வருவான்? ரோட்டு மேல வெச்சிப் பாரு," என்றார் அப்பா. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவர் அவர். இதைச் சொல்லும்போது அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வாசல் குறுகலாக இருப்பதைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் மாடியறை வந்தது. அப்பா டிவிஎஸ் வண்டியில் பெஞ்சைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்தார். அத்தை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் எடுத்தார். சாயங்காலம் மாடிக்குப் போனார். கூட நானும் போவேன். ஒரு வாரம் வெறும் பெஞ்சுகளைத் துடைத்துவிட்டுத் திரும்பினோம். பிறகு ரோட்டுத் தெருவிலிருந்து இரட்டைப் பையன்கள் வந்தார்கள். ஆறாம் வகுப்பு. கணக்கு என்றாலே அழுகிறவர்கள். அத்தை சப்பாத்தியைப் பிய்த்து அவர்களுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தார். அரைப் பரீட்சைக்குள் இருவரும் தேறிவிட்டார்கள். அந்தச் செய்தி பரவி அறை நிறைந்தது. அத்தை வீட்டில் சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். வெள்ளைப் பலகை வாங்க வேண்டும், பத்தாம் வகுப்பும் எடுக்க வேண்டும் என்று சாப்பிடும்போதுகூடப் பேசுவார்.

பொங்கலுக்கு முந்தின நாள் இரட்டையர்களின் அம்மா ஸ்வீட் பெட்டியுடன் மாடியேறி வந்தார்.

"நீங்க தெய்வம் மாதிரி டீச்சர். உங்க வூட்டாண்ட வந்து, அப்பா அம்மாவயும் பாத்துக் குடுக்கணும்னு ஆச. வூடு எங்க கீது?"

அத்தை சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"ஏரிக்கு அந்தாண்டங்க. காலனி."

"ஓ," என்றார் அந்த அம்மா. பெட்டியைக் கையில் கொடுக்காமல் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். "டேய், கெளம்புங்கடா. டைம் ஆச்சி."

டைம் ஆகியிருக்கவில்லை. ஆனால் எனக்குப் பெட்டிதான் முக்கியம். உள்ளே நெய்யில் செய்த மைசூர்பாகு. அத்தை ஒன்றுகூடத் தொடாததால் அத்தனையும் எனக்கே கிடைத்தது.

பொங்கல் முடிந்து இரட்டையர்கள் வரவில்லை. வயிற்று வலியாம். அடுத்து ஒருத்திக்குப் பாட்டு கிளாஸ். இன்னொருவனுக்குக் காய்ச்சல். பிறகு மறுபடியும் யாருக்கோ வயிற்று வலி. ஊரில் ஏதோ நோய் பரவுகிறது என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "எனக்கும் வயிறு வலிக்குமா அத்த?" என்று கேட்டேன். "உனக்கு வராது," என்றார்.

மாதக் கடைசியில் ரீசார்ஜ் கடைக்காரர் பாதிப் படி ஏறி வந்து நின்றார். "தப்பா நெனச்சிக்காத டீச்சர். மச்சானுக்கு ரூம் வேணுமாம். என்னால இன்னா செய்ய முடியும், சொல்லு." முன்பெல்லாம் அவர் அத்தையிடம் வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போவதென்று அத்தை முடிவெடுத்தார். கம்பெனி பஸ் விடியுமுன்பே வந்துவிடும் என்பதால் காலை வகுப்பும் அத்தோடு நின்றது.

அறையைக் காலி செய்கிற அன்று சாயங்காலம் அப்பா பெஞ்சுகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கடைசிப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக எதிரே பஸ் ஸ்டாப் தெரிந்தது. இரட்டையர்கள் புதுப் பைகளோடு அம்மாவின் இரு பக்கமும் நின்றிருந்தார்கள். வேறு ஊரில் வேறு டியூஷன். மறுநாள் அவர்களுக்குக் கணக்குப் பரீட்சை.

அத்தையும் அவர்களைப் பார்த்தார். பிறகு கடல் காற்றில் மூடிக்கொள்ளப் பார்த்த ஜன்னலை விரியத் திறந்து கொக்கியை மாட்டினார். சாக்பீஸை எடுத்து, "பின்னத்துல கூட்டல். எழுதிக்கோ," என்றார்.

"அத்த, இது எனக்கு இல்லியே. ஆறாங்கிளாஸ் பாடமாச்சே."

"தெரியும். நீ உக்காரு."

அத்தை அவ்வளவு சத்தமாகப் பாடம் நடத்தி நான் கேட்டதே இல்லை. கீழ் எண்கள் வேறாக இருந்தால் முதலில் இன்னது செய், அடுத்து இன்னது செய், அவசரத்தில் இந்த இடத்தில் தப்பு வரும், இங்கே நின்று பார். ஒருமுறைகூட அவர் என் பக்கம் திரும்பவில்லை. கீழே பையன்களில் ஒருவன் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தான். அவன் உதடுகள் அசைந்தன. அவனுடைய அம்மா அவன் தாடையைப் பிடித்து ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போன பிறகும் அத்தை கணக்கை நிறுத்தவில்லை. விடை வரும்வரை போட்டு முடித்தார்.

அத்தைக்கு நான் எந்த வகுப்பு என்பதே மறந்துபோய்விட்டது என்று எனக்கு ஒரே கோபம். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்: "அத்தைக்கு ஒண்ணுமே தெரியல. யாருமே இல்லாத ரூம்ல கத்திக் கத்திச் சொல்லிக் குடுக்குது."