கூடவே மூச்சு விட்டவர்

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் என் அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்களில், மாலையில் அரைமணி நேரம் என்னை உள்ளே விடுவார்கள். அப்போது பணியில் இருந்த நர்ஸ் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்த தமிழ்ப் பெண்; பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். குள்ளமானவர். முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடியில் எப்போதும் ஆவி படிந்திருக்கும்.

அதற்குக் காரணம் அவருடைய ஒரு வழக்கம். வென்டிலேட்டர் அண்ணனுக்குள் காற்றைத் தள்ளும்போது அவரும் மூச்சை இழுப்பார். அது விடும்போது அவரும் விடுவார். முழுதாக ஒரு நிமிடம் அப்படி நிற்பார்.

"நோயாளிக்குத் தக்கபடி மெஷினே அளவை மாத்திக்கும்னு டாக்டர் சொன்னாரே, சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"மாத்தும் சாரே. நல்ல புத்தியுள்ள மெஷின். ஆனா அதுக்கு ஒருநாளும் மூச்சு முட்டினதில்லை, கேட்டோ."

நிமிடம் முடியுமுன் தனக்கு மூச்சுத் திணறினால் டாக்டரை அழைத்து அளவை மாற்றச் சொல்வார். மாற்றியதும் அண்ணனின் நெற்றிச் சுருக்கம் சற்றுத் தளரும். மூன்று நாள் இப்படியே போயிற்று.

நான்காம் நாள் அவர் திணறாமல் நிமிடத்தை முடித்தார். அண்ணனின் நெற்றியிலும் சுருக்கமில்லை.

"இன்னிக்கு நல்லாப் பொருந்திடுச்சு, இல்லையா?" என்று சந்தோஷமாகக் கேட்டேன்.

"பொருந்திடுச்சு சாரே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவரு சொந்தமா இழுக்கறதை விட்டுட்டாரு. இனி எல்லாம் மெஷின்தான்."

அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே தொடங்குமுன் தனக்காக ஒரு முழு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணன் இறந்தார். ஒரு ஷிஃப்டில் எத்தனை பேருடைய மூச்சை அவர் விட்டுப் பார்க்கிறார் என்று நான் கேட்கவே இல்லை.