சிபியுவுக்குள் போகாத காற்று

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, திண்டுக்கல்லில் எங்கள் டிசைன் கடையை நான் ஒருத்திதான் திறந்தேன். திறந்ததும் வந்தது சாவு வேலை. அகரத்திலிருந்து ஒரு பெண், அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள். விடியற்காலையில் அவள் அப்பா போய்விட்டார். தனியாக எடுத்த போட்டோ அவருக்கு ஒன்றுகூட இல்லையாம். அவளுடைய கல்யாண குரூப் போட்டோவில் ஓரமாக நின்றிருந்தார். முகம் கடுகளவு.

"மத்தியானம் எடுத்துருவாங்கக்கா. அதுக்குள்ள தலைமாட்டுல வைக்க அப்பா படம் ஒண்ணு வேணும்."

"உக்காரும்மா, செத்த நேரத்துல முடிச்சுத் தாரேன்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

முகத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் வேலையைக் கொடுத்ததும் சிபியு பேயாக இரைந்தது. பாதிகூட ஆகவில்லை, பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அணைந்தது. மேலே கை வைத்தால் தோசைக்கல். அக்கம்பக்கத்தில் வேறு எந்தக் கடையும் திறக்கவில்லை. மெக்கானிக் போனை எடுக்கவில்லை. லீவு நாள், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனாலும் திட்டினேன். பக்கத்து மூடியைக் கழற்றலாம் என்றால் ஒரு திருகு மரை தேய்ந்து சும்மா சுற்றியது. எனக்கே மரை கழன்றுவிடும் போலிருந்தது.

மேஜை ஃபேனை இழுத்துவந்து பெட்டிக்குப் பின்னால் முழு வேகத்தில் வைத்தேன். சனியன், முன்னைவிடச் சீக்கிரமாக அணைந்தது!

அவள் போனில் அண்ணன் கத்துவது எனக்கே கேட்டது. "எல்லாரும் வந்துட்டாக, நீ எங்கிட்டு இருக்க?" அவள் என்னைப் பார்த்தாள். "ஆகாதாக்கா?" என்றாள். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

மறுபடி மெஷினைப் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். சூடான காற்று லேசாக உள்ளங்கையில் பட்டது. அடிப்பாவி, இது வெளியே தள்ளுகிற வழியல்லவா! தள்ளுகிற சூட்டை நானே ஃபேன் வைத்து உள்ளே திருப்பி அடித்திருக்கிறேன். அப்படியானால் நல்ல காற்று உள்ளே போகிற வழி முன்பக்கம்தான். பூஜையில் மிஞ்சிய ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து முன்பக்க வலைக்கு நேரே பிடித்தேன். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கிறது; புகை மட்டும் என் மூக்குக்கே ஏறுகிறது. குனிந்து பார்த்தேன். வலையின் பொடி ஓட்டைகள் முழுக்கச் சந்தனம், காய்ந்து இறுகிக் கிடந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஏங்க, நேத்து பூஜையில பொட்டு வைக்கச் சொன்னா மெசினுக்கு மூக்கையே அடைச்சிருக்கீங்களே!"

"நல்லா ஓடணும்னுதான்டி அம்புட்டும் பூசுனேன்."

போனை வைத்துவிட்டேன். இன்னும் பேசியிருந்தால் நல்ல நாளும் அதுவுமாய் என் வாய் நாறியிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கி, வலையைக் கழற்றி, குழாயடியில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தேன். திரும்ப மாட்டி, மெஷினைப் போட்டு, ஊதுபத்தியைக் காட்டினேன். புகை விறுவிறுவென்று உள்ளே போனது. வேலையைக் கொடுத்துவிட்டு, திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பு அணைந்த நேரமும் தாண்டியது. அணையவில்லை. முடிந்தது.

திரை நிறைய அந்த மனிதர் வந்தார். முகம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் பார்வை எங்கோ பக்கவாட்டில் போயிருந்தது. மாலை போடுகிற படம் நம்மைப் பார்க்க வேண்டாமா?

"கண்ணை மட்டும் நேராத் திருப்பிரட்டுமா? இப்ப அதெல்லாம் பண்ணலாம்" என்றேன்.

அவள் திரையில் அப்பாவின் பார்வை போன பக்கத்தை விரலால் தொட்டாள்.

"வேணாங்கக்கா. அங்கிட்டுதான் நான் நின்னேன்."