ஒரு வீட்டில் இரண்டு பன்னிரண்டு மணி

ஜப்பான்காரன் பினாங்குக்குள் வந்ததும் முதலில் கொடியை மாற்றினான், அடுத்து மணியை மாற்றினான். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி என்று உத்தரவு. ஒரே நாளில் ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தாவின. பினாங்கின் ஜெலுத்தோங் பகுதியில் ஒரேயொரு சுவர்க் கடிகாரம் மட்டும் தாவ மறுத்துவிட்டது. அது கிராணி விஸ்வலிங்கத்தின் வீட்டுக் கடிகாரம்.

விஸ்வலிங்கம் துறைமுகத்து கோடவுன் ஒன்றில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். வெள்ளைக்காரன் காலத்திலும் அதே நாற்காலி, ஜப்பான்காரன் காலத்திலும் அதே நாற்காலி. வழியில் காவலுக்கு நிற்கிற சிப்பாய்க்கு மற்றவர்கள் இடுப்பு மடங்கக் கும்பிட்டால், இவர் சாலையில் எதையோ தவறவிட்டுத் தேடுகிறவர் போலக் குனிவார். ஜப்பான் மொழி கற்றுக்கொடுக்கும் நிப்போங்கோ வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் முன்னால் கத்துவார். அவருடைய எதிர்ப்பெல்லாம் வீட்டுக்குள் வந்து, கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் சாத்திய பிறகுதான் ஆரம்பிக்கும். பழைய நேரம் காட்டும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். தன் வீரத்தின் நீள அகலம் அவருக்கும் தெரியாமல் இல்லை. முகம் மழிக்கும்போது கண்ணாடியில் தெரிகிற ஆளைப் பார்த்து, "வாய்யா தளபதி" என்று அவரே சொல்லிக்கொள்வதுண்டு.

வீட்டில் மூன்று பேர். விஸ்வலிங்கம், அவர் மனைவி புஷ்பராணி, குண்டு விழுந்த நாளிலிருந்து அவர்களோடு தங்கிவிட்ட புஷ்பராணியின் தங்கை பத்மாவதி. அரிசிக்கு வரிசை நிற்பது, மரவள்ளிக்கிழங்கு தேடுவது என்று வெளி வேலை முழுக்க பத்மாவதியின் தலையில். வரிசை டோக்கியோ நேரப்படி நிற்கும். பழைய கடிகாரத்தை நம்பிப் போய் ஒரு நாள் வெறுங்கையோடு திரும்பி வந்தவள் வெடித்துவிட்டாள்.

"அத்தான், அந்த மணியைச் சரி பண்ணுங்க லா. ஊருக்கு ஒரு நேரம், நமக்கு ஒரு நேரமா?"

"இது என் வீடு. இங்கே என் மணிதான்" என்றார் விஸ்வலிங்கம். சிப்பாயிடம் காட்ட முடியாத வீறாப்பை மச்சினியிடம் காட்டிவிட்டார்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சாப்பாடு தயார் என்றாலும் புஷ்பராணி வழியாகத்தான், உப்புக் குறைவு என்றாலும் புஷ்பராணி வழியாகத்தான். பத்மாவதி துறைமுகச் சங்கு ஊதுவதை வைத்துத் தன் நாளை ஓட்டினாள். விஸ்வலிங்கம் சுவரைப் பார்த்து ஓட்டினார். நடுவில் தூது போய்ப் போய்க் களைத்த புஷ்பராணிக்கு மழைக்காலத்தில் சளி பிடித்து, நெஞ்சுக்குள் இறங்கி, இருமலாக உட்கார்ந்துகொண்டது.

சாதாரண இருமல் இல்லை. இரவெல்லாம் குலுங்கிக் குலுங்கி இருமி, காலையில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருக்கோடியில் இருந்த டாக்டர் தியாகராஜா வந்து பார்த்தார். யுத்தத்துக்கு முன்னால் வந்த மருந்தில் கொஞ்சம் இருக்கிறது, கலந்து தருகிறேன் என்றார்.

"கவனமாக் கேளுங்க" என்று விஸ்வலிங்கத்தை வாசலுக்கு அழைத்துச் சொன்னார். "இது வெறும் இருமல் தண்ணி இல்லே. அபின் சேர்ந்தது. அளவோட குடுத்தா இருமல் நிக்கும், அளவு தப்பினா மூச்சு நிக்கும். பகல் பன்னிரண்டுக்கு ஒரு கரண்டி, மாலை ஆறுக்கு ஒரு கரண்டி. ஒரே ஆள் கையாலதான் குடுக்கணும். எழுப்பினா எழும்பாம தூங்கினாங்கன்னா அடுத்த கரண்டி வேண்டாம், நேரா என்கிட்ட ஓடி வாங்க."

"நானே பார்த்துக்கறேன் டாக்டர். கணக்கு எழுதற கை, தப்பாது" என்றார் விஸ்வலிங்கம்.

மருந்தை வாங்கி வரப் போனது பத்மாவதி. அவளிடமும் டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் அதையே சொன்னார். அவளும், "நானே பார்த்துக்கறேன் டாக்டர்" என்றாள். அந்த ஒரே ஆள் தான்தான் என்று இருவருமே நம்பினார்கள். இதை ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டுமானால் புஷ்பராணி வழியாகத்தான் சொல்ல வேண்டும். புஷ்பராணியோ முதல் கரண்டியிலேயே, பல நாளாகக் காணாத தூக்கத்தில் விழுந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் பத்மாவதி அக்காளைத் தட்டி எழுப்பி ஒரு கரண்டி கொடுப்பாள். கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விடுவாள். விஸ்வலிங்கம் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் வீட்டுக்கு வந்து சேரும்போது சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும். அவரும் பயபக்தியோடு புட்டியைக் குலுக்கி ஒரு கரண்டி கொடுப்பார். மாலையிலும் இதே கூத்துதான். வீட்டில் ஒரே மணி ஓடியிருந்தால் இருவரும் கரண்டியும் கையுமாகக் கட்டிலருகே முட்டிக்கொண்டிருப்பார்கள், ஒரு சண்டையோடு விஷயம் முடிந்திருக்கும்.

புட்டியின் பக்கத்தில், வேளைக்கு ஒரு பல் என்று வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. மருந்து ஒரு பல் இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு பல் இறங்குவதை விஸ்வலிங்கம் பார்த்தார். பார்க்காமல் என்ன, சரக்குக் கணக்கிலேயே ஊறியவர். பத்மாவதி திருட்டுத்தனமாகக் குடிக்கிறாள் என்று முடிவு கட்டினார். கேட்டால் பேச்சைத் தொடங்கியது தான் என்றாகிவிடும் என்று பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டார். பின்பக்கத்தில் பத்மாவதியும், அத்தானுக்கும் தொண்டை கரகரப்பு போலிருக்கிறது, குடித்துத் தொலைக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் பெருந்தன்மைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் பகலில் விஸ்வலிங்கம் வந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. இருமல் சத்தமே இல்லை. தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டார். கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. தலையைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டதற்கு புஷ்பராணி கண்ணைத் திறக்காமலே, "ம்" என்றாள். எழும்பாமல் தூங்கினால் கொடுக்காதே என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. "ம்" என்றாளே, அப்படியானால் எழும்பிவிட்டாள் என்று தனக்குள் தீர்ப்புச் சொல்லி, கரண்டியைச் சாய்த்தார்.

அவித்த மரவள்ளியைத் தின்றுவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று கட்டிலருகே போனார். அவளுடைய மூச்சு தொண்டைக்குள் களகளவென்று ஒரு தடவை இழுத்தது. அப்புறம் நின்றது. அடுத்தது எப்போது வரும் என்று அவர் நின்று பார்த்தார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"புஷ்பம்! புஷ்பம்!" உலுக்கினார். பதில் இல்லை. பல மாதங்களாகச் சொல்லாத பெயர் வாயிலிருந்து தானாக வெளியே பாய்ந்தது. "பத்மா! ஓடி வா, பத்மா!"

வரிசையிலிருந்து அப்போதுதான் திரும்பிய பத்மாவதி பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்ன அத்தான்? சங்கு ஊதினப்ப மருந்து குடுத்தேனே, நல்லாத்தானே இருந்தாங்க!"

"நீ குடுத்தியா?" என்று கேட்டார். அவர் மருந்து கொடுத்த கரண்டி கட்டிலருகே இன்னும் ஈரமாகக் கிடந்தது. பத்மாவதி கரண்டியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வெளியே பாய்ந்து டாக்டரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

தியாகராஜா இமையைப் பிரித்துப் பார்த்தார். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. "தூக்கி உட்கார வைங்க. மாற்று மருந்து குடுக்க என்கிட்ட ஒன்னும் இல்லே. மருந்தோட வேகம் இறங்குற வரைக்கும் தூங்க விடக் கூடாது. மூச்சு விடு, மூச்சு விடுன்னு சொல்லிக்கிட்டே இருங்க. விஸ்வலிங்கம், நீங்க பேசுங்க. நிறுத்தாதீங்க."

விஸ்வலிங்கம் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். என்ன பேசுவது? கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் பேசியதெல்லாம் காப்பி, வேட்டி, உப்பு. கோடவுன் கதையைச் சொன்னார். அவள் தலை தொங்கியது. பயத்தில் நிப்போங்கோ பாடத்தை ஒப்பித்தார். தலை இன்னும் தொங்கியது. டாக்டர் நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்துத் தேய்த்தார், பத்மாவதி பாதத்தைத் தட்டினாள். அவர் அழுகிற குரலில், "புஷ்பம், மூச்சு விடம்மா, பத்மா சொன்னதுதான் சரி, என் கடிகாரம்தான் தப்பு" என்றார்.

புஷ்பராணி மூச்சை இழுத்தாள். கண் கீற்றாகத் திறந்தது. "என்ன சொன்னீங்க?" என்றாள் நாக்குக் குழற.

"அதையே சொல்லுங்க, நல்லா வேலை செய்யுது" என்றார் டாக்டர்.

விஸ்வலிங்கம் சொன்னார். கடிகாரம் தப்பு, நான் தப்பு என்று தொடங்கினார். சிப்பாய்க்கு முன்னால் எவ்வளவு தூரம் குனிவார் என்று சொன்னார். அவளுடைய குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே தன் அம்மாவின் குழம்பைப் புகழ்ந்தது வீம்புக்குத்தான் என்றார். பத்மாவதியைத் திருடி என்று நினைத்ததையும் சொல்ல, பாதத்தைத் தட்டிக்கொண்டிருந்த பத்மாவதி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். கண் செருகும்போதெல்லாம் இன்னொரு முட்டாள்தனத்தை எடுத்து வைத்தார். அவரிடம் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. நடுநடுவே புஷ்பராணி, "அது தெரியும்" என்றாள். "அதுவும் தெரியும்" என்றாள். அவள் இல்லாமல் தனக்கு ஒரு நாளும் ஓடாது என்று அவர் சொன்னபோது மட்டும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் தாழும் வேளையில் அவளுடைய மூச்சு சீராக வரத் தொடங்கியது. அப்புறம் ஓர் இருமல் வந்தது. கட்டில் ஆட ஆட, விலா நோக நோக அதே பழைய இருமல். விஸ்வலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"இன்னிக்கு ராத்திரி யாராச்சும் முழிச்சிருந்து மூச்சைப் பார்க்கணும்" என்று சொன்ன டாக்டர் மிச்ச மருந்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "இருமினா இருமட்டும். தேனும் இஞ்சியும் குடுங்க."

அவர் போன பிறகு விஸ்வலிங்கம் முக்காலியைப் போட்டு ஏறினார். கடிகாரக் கண்ணாடியைத் திறந்து, யாரும் உத்தரவிடாமல், முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினார். ஒரு ராஜ்ஜியம் கவிழ்ந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். டிக்டிக் சத்தத்தில்கூட ஒரு மாற்றமும் இல்லை.

நாற்பத்தைந்தில் சண்டை முடிந்து, ஜப்பான்காரன் போய், பழைய நேரம் திரும்பியது. கோடவுனில் செய்தி கேட்ட விஸ்வலிங்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்து வந்தார். முக்காலியைப் போட்டு ஏறிக் கண்ணாடியைத் திறந்தார். இந்த நாளுக்காக எத்தனை நாள் காத்திருந்தார்!

"முள்ளைத் தொடாதீங்க" என்றாள் புஷ்பராணி கட்டிலில் துணி மடித்தபடியே. "முதல்ல போய் பத்மாகிட்ட சொல்லிட்டு வாங்க."

தளபதி முக்காலியிலிருந்து இறங்கிச் சமையலறைக்குப் போனார்.