துரையின் தொட்டியில் தண்ணீர் குறைந்த எட்டு நாட்கள்

கொல்லிமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு நீச்சல் தொட்டி கட்டியவன் நான். முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், ஆழம் என் தோள் வரைக்கும். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. சுண்ணாம்பும் கருப்பட்டியும் அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து தலைச்சுமையாக ஏறி வந்தன. கடுக்காய் மட்டும் மலையிலேயே கிடைத்தது. கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, இடி விழுந்தாலும் அசையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். எங்களுடையது துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கொத்து வேலை பழகி மேஸ்திரி ஆனவன் என்பதால், என் வேலையை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தொட்டி சரிவில் இருந்தது. மேல் பக்கம் பாறை, மற்ற மூன்று பக்கமும் கல் சுவர். கீழ்ச் சுவரிலிருந்து ஐம்பது தப்படி இறங்கினால் ஒரு மலைக்காரரின் வீடு. காப்பித் தோட்டம் வருவதற்கு முன்பே அங்கே இருந்த வீடு. அவர் சாமையும் கேழ்வரகும் விதைப்பார், கொஞ்சம் மிளகுக் கொடியும் உண்டு. அந்த மாசி மாதம் அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தொட்டிச் சுவர் பிரிந்தால் அவ்வளவு தண்ணீரும் முதலில் அந்த வீட்டுக்குள்தான் போகும்.

ஒருநாள் காலையில் அவர் மேலே ஏறி வந்தார். வந்த விஷயத்தை உடனே சொல்லவில்லை. என் உடம்பு, என் மனைவி, கீழ்நாட்டு மழை எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சொன்னார்.

"ஊட்டுல தானியக் குதிருக்கு அடியில ஈரம் ஊறுதுங்க மேஸ்திரி. மழ பேஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. தொட்டியில ஏதாச்சும் கசிவு இருக்குமுங்களா?"

"கடுக்காச் சுண்ணாம்புங்க அது. எலி வளை எதுனா இருக்கும், போய்ப் பாருங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அப்படியும் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் தொட்டிக்கு ஓடினேன். ஓடையில் தண்ணீர் நூலாகிவிட்டதால் அதை வயலுக்கே விட்டுவிட்டு, தொட்டிக்கு வரும் வாய்க்காலை நாங்கள் அடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இருக்கிற தண்ணீர்தான், புதிதாக ஒரு சொட்டு வராது. படிக்கட்டில் நீர் மட்டத்துக்குக் கரியால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை ஈரம் தெரிந்தது. உடனே, மலைக் காற்று குடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீர் குறையத்தானே செய்யும்?

ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து தொட்டிக்குப் போனேன். தோட்டத்து வேலையாட்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். கீழ்ச் சுவரைப் பத்துத் தடவை சுற்றி வந்தேன். மலை முழுக்கப் புல் காய்ந்து கிடந்தபோது சுவரடியில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பச்சை. நிழல் விழுகிற இடம், அதனால்தான் என்றேன். கல் இடுக்கில் வெள்ளையாக ஒரு தாரை வழிந்து காய்ந்திருந்தது. புதுச் சுண்ணாம்பு அப்படித்தான் பூக்கும் என்றேன். ஒரு மாடு தினமும் அதே இடத்தில் வந்து மண்ணை முகர்ந்து நின்றது. அதைக் கல்லெடுத்து விரட்டினேன். மாடு என்ன பாவம் செய்தது?

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை நினைத்து அப்போது எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு புதுப் பானையில் தண்ணீர் நிரப்பி, உருளாமல் இருக்க மணலைக் குவித்து அதில் அமர்த்தி, தொட்டி விளிம்பிலேயே வைத்தேன். பானைக்குள்ளும் ஒரு கரிக்கோடு. தொட்டியும் பானையும் ஒரே வெயிலில், ஒரே காற்றில் இருக்கின்றன. தொட்டி மட்டும் குறைந்தால் கசிவு. இரண்டும் குறைந்தால் காற்று.

மூன்று நாளில் இரண்டும் குறைந்தன. பானை தொட்டியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குறைந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மலைக்காரரைக் கூப்பிட்டனுப்பி, நான்கு வேலையாட்கள் முன்னிலையில் இரண்டு கோடுகளையும் காட்டினேன். அவர் குனிந்து பானையைப் பார்த்தார். அது உட்கார்ந்திருந்த மணலையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுங்க" என்றார்.

ஜெயித்துவிட்டேன், ஆனாலும் தூக்கம் வரவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மனைவி காரணம் கேட்டாள். பானைக் கதையை முழுதாகச் சொன்னேன்.

"எந்தப் பானைங்க?"

"சந்தையில புதுசா வாங்குனியே, அதுதான்."

குழம்புக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. "ஏனுங்க, மண்பானை வேர்க்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? வேர்க்காட்டி அதுல தண்ணி எப்படிக் குளுரும்? போன வாரம்தான் நல்லா குளுருதுன்னு ரெண்டு சொம்பு குடிச்சீங்க."

எழுந்து போய்ப் பானையைத் தூக்கினேன். அடியிலிருந்த மணல் சொதசொதவென்று இருந்தது. சொந்த வீட்டுப் பானையைப் பற்றித் தெரியாதவன் ஊருக்கெல்லாம் நியாயம் காட்டியிருக்கிறேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. அப்போதும் புத்தி வந்ததா? இல்லை. அவளுடைய பித்தளை அண்டாவைக் கொண்டுபோய் நிரப்பி வைத்து, இன்னொரு நாள் காத்திருந்தேன். மறுநாள் அண்டாவில் தண்ணீர் நகக்கீறல் அளவுதான் இறங்கியிருந்தது. தொட்டியில் இரண்டு விரற்கடை. கசிவு கூடிக்கொண்டு வந்தது.

துரை சேலத்துக்குப் போயிருந்தார். சனிக்கிழமை விருந்தாளிகளோடு வருவதாகவும், தொட்டி நிரம்பி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தொட்டியை வடித்துவிட்டால் அடுத்த மழை வரை நிரப்பத் தண்ணீர் இல்லை. என் வேலையும் அதோடு போகும். தொட்டியின் மதகை அடைத்திருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், பொய் சொல்வானேன். பிறகு பிடுங்கிவிட்டேன். தண்ணீர் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி ஓடியது.

அடி தெரிந்தபோது காரணமும் தெரிந்தது. பாறையும் சுவரும் சேரும் மூலையில் பாறையைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல், துரை அவசரப்படுத்தினார் என்று, வழுவழுப்பின் மேலேயே சுண்ணாம்பை அப்பியிருந்தேன். அங்கிருந்து கீழ்ச் சுவர் வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது. என் சுண்டுவிரல் அதற்குள் தடையில்லாமல் போனது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கினேன். அவர் வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்தார். அந்த வாரத்தில் நான் எப்போது எட்டிப் பார்த்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தேன். குதிர் இல்லை, பாய் இல்லை, சட்டிபானை இல்லை. பிள்ளை பெற்றவளும் இல்லை.

"எங்கீங்க எல்லாரும்?"

"காட்டுக் கொட்டாயிலங்க. அன்னைக்கு உங்ககிட்ட வந்து கேட்டனே, அன்னைக்குப் பொழுதோடயே கூட்டிட்டுப் போயிட்டேன்."

தீட்டுக் கழியும் முன்னே பச்சைக் குழந்தையை வாசல் தாண்ட விடமாட்டார்கள். அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

"அப்புறம் நீங்க மட்டும் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

அவர் கூடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊடு பூட்டிக் கெடந்தா நாலு பேரு கேப்பாங்க. மேஸ்திரி பேச்ச நம்பாம ஓடிட்டான்னு உங்களுக்குக் கேவலமாப் போயிருமுங்க."

என் கௌரவத்துக்குக் குறை வரக்கூடாது என்று அந்த மனுஷன் எட்டு நாளாகப் பகல் முழுக்க அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தொட்டியை வடித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த மூங்கில் பிளாச்சைக் கீழே வைத்தார்.

"துரை உங்கள வைவாருங்களே" என்றார்.